விதைக்காத பறவையும் விதை காத்த பாட்டியும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் எட்டுகிற கொல்லிமலையிலே, சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிப்பது என் தொழில். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் பருவம் வந்துவிட்டால் வகுப்பில் பாதி இடம் காலியாகும். சென்ற ஆண்டு அப்படிக் காணாமற்போனவர்களில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பத்து நாட்களாயின, அவள் வரவில்லை. வீடு தேடிச் சென்றேன்.

தந்தை திண்ணையில் இருந்தார். அண்மைக் காலமாக ஜெபக் கூட்டங்களுக்குச் சென்று வருபவர். கிழங்கின் விலை விழுந்துவிட்டது, கடன் ஏறிவிட்டது, பெண்ணும் வயலுக்கு வந்தால்தான் கூலி மிச்சமாகும் என்றார். "படிப்பு?" என்று கேட்டேன்.

"கவலைப்படாதீங்க சார். வானத்துப் பறவைக்கு இரை போடுறவரு எம் புள்ளைய விட்டுருவாரா?"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பொலி கேட்டது. அவருடைய தாயார். மண் பூசிய மூங்கில் தொம்பையின் அருகே அமர்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "பறவைக்குப் போடுறவரு போடட்டும். இந்த வெதையிலே ஒரு கை எடுத்துப் பொங்குனா, வர்ற வருசம் யாரு போடுவா? வெதையத் தின்னா வம்சம் வெளங்காது" என்றார்.

மகன் நம்பிக்கையைப் பேசினார். தாய் விதையைக் காத்தார். இருவரில் எவர் பேச்சு அந்தப் பெண்ணைப் பள்ளிக்குத் திரும்ப அனுப்பும்? அன்று மாலை முழுதும் என்னை அலைத்த வினா அது. அந்த வினாவோடுதான் பைபிளைப் பிரித்தேன். படிக்காமற் பழிப்பது பகுத்தறிவாளன் வேலையன்று.

மத்தேயு எழுதியதாகச் சொல்லப்படும் நற்செய்தி நூலின் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது அந்தப் பகுதி. மலைப்பொழிவு என்று புகழப்படும் நெடிய பேச்சின் நடுப்பாகம். உணவைப் பற்றியும் உடையைப் பற்றியும் கவலை வேண்டா. பறவைகளைப் பாருங்கள், அவற்றுக்கு உழவும் இல்லை, களஞ்சியமும் இல்லை, ஆயினும் உண்கின்றன. காட்டுப் பூக்களைப் பாருங்கள், அவற்றுக்கு நூற்பும் இல்லை, ஆயினும் அரசன் சாலமோனைவிட அழகாக உடுத்துகின்றன. நாளையைப் பற்றிய கவலையை நாளைக்கே விட்டுவிடுங்கள்: கருத்துச் சுருக்கம் இதுதான். கவிதை என்ற அளவில் இதனை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஏழையின் கண்ணுக்கு எட்டுகிற காகத்தையும் கால்படும் பூவையும் எடுத்து, அரண்மனைப் பகட்டைத் தோற்கடிக்கிற துணிவு அதில் இருக்கிறது. உரோமப் பேரரசின் வரிக்கும் உள்ளூர் அரசனின் வரிக்கும் இடையே நசுங்கிய கலிலேய நாட்டு மக்களிடம் பேசிய பேச்சாக அதனை நூல் காட்டுகிறது. அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு நாள் ஆறுதல் சொல்வது குற்றமாகாது.

ஆனால் அந்தப் பகுதி எந்தச் சொல்லோடு தொடங்குகிறது என்பதைப் பிரசங்கிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. 'ஆகையால்' என்று தொடங்குகிறது. ஆகையால் என்றால் எதனால்? அதற்கு முந்திய வாக்கியம், கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய ஒருவனால் இயலாது என்கிறது. அதற்கும் முன்னே, மண்ணில் செல்வத்தைக் குவிப்பவனுக்கு எச்சரிக்கை. லூக்கா நூலின் 12ஆம் அதிகாரத்திலோ, இதே அறிவுரைக்கு முன்னால் ஒரு கதை நிற்கிறது: விளைச்சல் மிகுந்த செல்வன் ஒருவன், இருக்கிற களஞ்சியங்களை இடித்து இன்னும் பெரிதாகக் கட்டத் திட்டமிடுகிறான், அன்றிரவே சாகிறான். அப்படியானால் அம்பு யாரை நோக்கி எய்யப்பட்டது? ஊரார் பசித்திருக்கப் பதுக்கி வைத்தவனை நோக்கி! அந்த அம்பைப் பிடுங்கி, ஒரு கூடை விதை வைத்திருக்கும் பாட்டியின் தொம்பையில் குத்துவது எந்த நீதி?

உவமையையும் உரசிப் பார்ப்போம். பறவை உழுவதில்லை, உண்மை. ஆனால் அது சும்மா இருந்ததா? விடியற்காலை முதல் அந்தி வரை அலைகிறது. அலைந்தும் கிடைக்காதபோது மடிகிறது. ஒரு வயதைக் காணாமலே மறையும் சிறு பறவைகள் ஏராளம். இதனை அந்த நூலே அறியும். அதே மத்தேயுவின் பத்தாம் அதிகாரத்தில், சிறு காசுக்கு இரண்டு விற்கிற சிட்டுக்குருவி நிலத்தில் விழுவது பேசப்படுகிறது. விழுவது தந்தை அறியாமல் நடவாது என்கிறது நூல்; விழாமல் தாங்கப்படும் என்று சொல்லவில்லை. பூவின் கதையும் அப்படியே. இன்று அழகாய் உடுத்தி நின்ற புல், நாளை அடுப்பில் எரியும் என்று அந்த வாக்கியமே ஒப்புக்கொள்கிறது. நாளைக்கு அடுப்பில் எரியப்போகும் புல்லைக் காட்டி, நாளையைப் பற்றிக் கவலை கொள்ளாதே என்று ஒரு குடியானவனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்?

பைபிள் ஒரே குரலில் பேசும் நூலுமன்று. பாலைவனத்தில் அலைந்த மக்களுக்கு வானிலிருந்து மன்னா என்னும் உணவு கிடைத்ததாகவும், அதை மறுநாளைக்கு எடுத்து வைத்தால் புழுத்து நாறியதாகவும் யாத்திராகமம் கூறும். ஆனால் அதற்கு முந்திய ஆதியாகமத்தில் யோசேப்பு என்ன செய்தான்? எகிப்து நாட்டில் ஏழாண்டு விளைச்சலைச் சேமித்து, அடுத்து வந்த ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடக்கச் செய்தான். எறும்பிடம் சென்று பாடம் கேள், அது கோடையிலேயே உணவைச் சேர்த்துவைக்கிறது என்று சோம்பேறியை இடிக்கிறது நீதிமொழிகள். உழைக்க மறுப்பவனுக்கு உணவில்லை என்று தெசலோனிக்கருக்கு எழுதுகிறார் பவுல். ஆடையும் உணவும் இல்லாதவனிடம் வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புகிறவனின் நம்பிக்கையால் என்ன பயன் என்று கேட்கிறது யாக்கோபின் நிருபம். இத்தனை இருக்க, பறவையை மட்டும் தேர்ந்தெடுத்து ஏழையின் வீட்டு வாசலில் பறக்கவிடுகிறார்களே, தேர்ந்தெடுத்தவன் யார் என்று கேட்க வேண்டாவா?

மொழிபெயர்ப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் மனம் பதறித் தவிப்பதைக் குறிப்பது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை 'நினையாதே' என்று பொருள்படும்படி எழுதிவிட்டது. பின்வந்த மொழிபெயர்ப்புகள் 'பதறாதே' என்று திருத்தின. நம் தமிழிலோ அது 'கவலை' ஆயிற்று. கவலை என்பது நமக்குத் துன்பம் மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். "பிள்ளையைப் பற்றிக் கவலையே இல்லாதவன்" என்றால் அது பாராட்டா, பழியா? நம் சமவெளி உழவர்கள் எருது பூட்டிக் கிணற்று நீரை இறைத்த ஏற்றத்துக்கும் கவலை என்றே பெயர். அந்தக் கவலை ஓடினால்தான் வயல் நனைந்தது. பதறாதே என்பது நல்ல அறிவுரை. பொறுப்பை விட்டுவிடு என்பது நஞ்சு. ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் இரண்டும் குடியிருப்பதால், முதலாவதைச் சொல்வதுபோல் இரண்டாவதை விற்றுவிட முடிகிறது.

இனி, இதே மலையில் அந்த நூலைச் சுமந்து வந்தவரின் கதையைப் பார்ப்போம்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1907இல் இந்தியா வந்தவர். கட்டட வேலை கற்றவர். 1913இல் ஈவ்லின் என்ற அம்மையாரை மணந்து, கொல்லிமலையின் வாழவந்திநாட்டுப் பகுதியில் குடியேறினார். அன்று சாலை கிடையாது. அவர்கள் குடியிருக்கும் மரவீட்டின் பலகைகள் கீழ்நாட்டிலிருந்து சுமையாட்களின் தலையில் ஏறி வந்தன. அந்த வீட்டை அனுப்பியவர் ஆண்டவர் என்று அவர்கள் நன்றி சொல்லியிருக்கலாம். மலையேறிய கால்கள் மனிதக் கால்கள். வலித்த கழுத்துகள் மனிதக் கழுத்துகள்.

பிராண்ட் போதித்ததை நான் கேட்டதில்லை. அவர் செய்தவை பதிவாகியிருக்கின்றன. மலைமக்களுக்கு மருந்து கொடுத்தார். தச்சும் கட்டட வேலையும் கற்பித்தார். முசுக்கொட்டைச் செடி நட்டுப் பட்டுப்புழு வளர்க்க முயன்றார். நரம்புச் சிலந்தி நோயால் மக்கள் காலில் ஒன்றரை முழப் புழுவோடு துடித்தபோது, அதனைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாட்கணக்கில் வெளியே எடுத்தார். புண்ணோடு இறங்கி நீர் மொள்ளும் திறந்த கிணறுகளே நோயின் ஊற்று என்பதை எடுத்துச் சொல்லி, கிணற்றுக்குச் சுவர் எழுப்பச் செய்தார். அந்த நோய் இந்தியாவை விட்டு ஒழிந்துவிட்டது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில். துணியில் வடிகட்டிய நீரும், மூடிய கிணறும், கை பம்பும், வீடு வீடாகச் சென்ற ஊழியர்களும் ஒழித்த நோய் அது. தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் ஒழித்த நோய்!

1918-19இல் உலகை உலுக்கிய விஷக்காய்ச்சல் இந்த மலைக்கும் ஏறியது. அதுவரை பிராண்டின் மதத்தை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் நோயில் வீழ்ந்தார். நோயாளிகளின் வீடுகளுக்குப் பாதிரியாரும் மனைவியும் கஞ்சி காய்ச்சிக் கொண்டு சென்றார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். எந்த வசனம் அவர் மனத்தை மாற்றியது? கஞ்சி! மலையெங்கும் மக்கள் மதத்தைக் கேட்டு வந்ததற்கு முன்பு அந்தக் கஞ்சிக் கலயம் வந்திருந்தது. பிராண்ட் 1929இல், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில், இந்த மலையிலேயே இறந்தார். நம்பிக்கையிற் குறைந்தவரா அவர்? இல்லை. கொசுவுக்கு நம்பிக்கை தெரியாது. ஈவ்லின் அம்மையார் முதுமையிலும் மலைகளை விட்டிறங்காமல் உழைத்து, 95 வயதில் 1974இல் மறைந்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட், 1914இல் இந்த மலைக் குடும்பத்தில் பிறந்தவர். வேலூர் மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

இவர்களை நான் வணங்குகிறேன். அவர்கள் நம்பிய கடவுளுக்காக அன்று. அவர்கள் பட்ட கவலைக்காக. பறவையைப்போல் வாழுங்கள் என்று அறைகிற நூலைக் கையில் வைத்திருந்தும், அவர்கள் எறும்பைப்போல் வாழ்ந்தார்கள். அந்த முரண்பாடு அவர்களுக்கு இழுக்கன்று; அதுவே பெருமை.

கவலைப்படாதே என்ற உபதேசத்தை ஆளுவோர் கையில் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் விழுங்கியது. இந்த மலையடியில் விரிந்த பழைய சேலம் மாவட்டமும் தப்பவில்லை. தானியம் நாட்டில் அறவே இல்லாமற் போகவில்லை; சென்னைத் துறைமுகத்தில் மூட்டைகள் இருந்தன; வாங்கும் காசு ஏழையிடம் இல்லை. சந்தை தானே சரிசெய்யும், அரசு தலையிட வேண்டா என்றார்கள். பஞ்ச வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். அது எலும்பை நடமாட வைக்கும் கூலி. அதை எதிர்த்து நின்றவர் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். ஓர் உடலுக்கு எவ்வளவு உணவு வேண்டும், கடின வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, இது கொல்லும் கூலி என்று எழுதினார். சந்தை என்ற புதிய கடவுளை நம்பியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். கணக்குப் போட்டவர் தூங்கவில்லை. அந்த நாளில் மனிதத்தன்மை யார் பக்கம் இருந்தது?

"பைபிளை மட்டும் பிடித்துக்கொண்டீரே, உம் வீட்டுச் சரக்கு என்ன?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். கேட்கட்டும். 'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்று திண்ணை தோறும் ஒலிக்கிறதே, அது எந்தப் பாதிரியார் கொண்டுவந்தது? கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் உணவு வைத்தவன் என்று சொல்லிச் சொல்லியே பட்டினிக் குழந்தையின் தொட்டிலை ஆட்டவில்லையா நாம்? மரம் வைத்தவன் மறந்துபோனதால் பட்ட மரங்களை எண்ணினால் காடு கொள்ளாது. சிலுவை போட்டு வந்தாலும் திருநீறு பூசி வந்தாலும் இந்தச் சரக்கு ஒன்றே.

ஆயினும் நம் பழைய இலக்கியத்தில் வேறொரு குரலும் கேட்கிறது. புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் பறம்பு மலையைப் பாடுகிறார். உழவர் உழாமலே நான்கு விளைச்சலைத் தரும் மலை அது: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வானத்துப் பறவையின் வாழ்வு மனிதனுக்கு எங்கேனும் வாய்த்தது என்றால் அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும். எங்கள் கொல்லிக்கும் அதே பலா உண்டு, அதே தேன் உண்டு, வள்ளல் ஓரி என்ற தலைவனும் இருந்தான். முடிவு என்னவாயிற்று? மூவேந்தர் முற்றுகையில் பறம்பு போயிற்று, பாரி வீழ்ந்தான். காரியின் கையில் ஓரி மாண்டான். கொல்லி சேரன் வசமாயிற்று. இயற்கை கொடுத்ததை வேல் பறித்தது. நிலம் தருகிறது என்பதால் மட்டும் மனிதன் உண்டுவிட முடியாது. தந்ததை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே கேள்வி. வள்ளுவர் இதனை விளங்கிக்கொண்டவர். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சினந்தார். ஒன்றுமில்லை என்று சோம்பியிருப்பவனைக் கண்டு நிலமகள் சிரிப்பாள் என்றும் சொன்னார். ஏழையைச் சோம்பாதே என்றவர், ஏழ்மையைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை.

இன்று கொல்லிமலையின் நிலை என்ன? சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. கிழங்கு சவ்வரிசி ஆலைக்குப் போகிறது. விலையை மலை நிர்ணயிப்பதில்லை, கீழே உள்ளவர்கள் நிர்ணயிக்கிறார்கள். சிறுதானியம் குத்தும் வேலை பெண்களின் தோளை முறித்தது. அதனாலும் அது கைவிடப்பட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே பழைய விதைகளைச் சேகரித்து விதை வங்கிகள் அமைக்கவும், தானியம் குத்தும் இயந்திரங்கள் வைக்கவும் உழைத்தது. அவர்கள் தேடியவற்றை வைத்திருந்தவர்கள் யார்? தொம்பையோரம் அமர்ந்திருந்த பாட்டிகளே! நாளையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இருந்ததால்தான் இன்று எடுப்பதற்கு விதை இருந்தது.

அன்றன்றைய அப்பத்தை அன்றன்றைக்குத் தரும்படி வேண்டுகிறது கிறித்தவர்களின் தலையாய மன்றாட்டு. நல்ல வேண்டுகோள். ஆனால் வேண்டுகோள் யார் மேசைக்குச் சென்றால் நிறைவேறுகிறது என்பதை எங்கள் பள்ளியின் சமையற்கட்டு நாள்தோறும் எனக்குக் காட்டுகிறது. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்போகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1956இல் காமராசர் அரசு மதிய உணவைப் பரப்பியது. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு அதைச் சத்துணவாக விரித்தது. 2022இல் காலை உணவும் தொடக்கப் பள்ளித் தட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூட்டைக் கணக்கு, விறகுக் கணக்கு, வருகைப் பதிவேடு, வரிப்பணம். வானிலிருந்து விழுந்தது ஒரு பருக்கையும் இல்லை. குறையும் உண்டு: நியாயவிலைக் கடையின் அரிசி மலையின் சாமையை ஓரங்கட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்கவும் நாம்தான் கவலைப்பட வேண்டும்.

அந்த ஆறாம் அதிகாரத்தை மறுபடி படித்தபோது, முடிவுக்குச் சற்று முன்னே ஒரு நிபந்தனை என் கண்ணில் பட்டது. உணவும் உடையும் தாமாகக் கிடைக்கும் என்று சொல்வதற்கு முன், முதலில் நீதியைத் தேடச் சொல்கிறது நூல். கடவுளின் அரசும் அவருடைய நீதியும் என்பது அதன் மொழி. நமக்கு அந்த அரசன் வேண்டா, நீதி வேண்டும். விளைந்த கிழங்குக்கு நியாயமான விலை, குத்துகிற பெண்ணின் தோளுக்கு ஓய்வு, எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒன்பதாம் வகுப்பு: இவை நீதி. இவற்றை முதலில் தேடினால் உணவு பின்னால் வரும் என்பதில் எனக்கும் ஐயமில்லை.

மறுவாரம் அதே வீட்டுக்குப் போனேன். அவர் மதிக்கும் நூலைக் கொண்டே அவரிடம் பேசினேன். அந்த நிபந்தனையைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. நான் வாதத்தில் வென்றதாக எண்ணிக்கொள்ள வேண்டா, தோழர்களே! பேசி முடித்தவர் பாட்டி. "பொண்ணும் வெதைதான்டா. இந்த வருசக் கூலிக்காக அவள எடுத்துத் தின்னுராத" என்றார் மகனிடம்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள்.